நன்னீர் மீன்பிடிக்குச் சிறு வள்ளம் வாங்குதல்: ஊவா மாகாணக் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் குடும்பங்களின் உணவில் பெரும்பாலும் குறைவுபடுவது புரதச் சத்தாகும். அரிசியும் கீரையும் கிழங்கும் சொந்த நிலத்திலேயே கிடைப்பினும், மீன் விலைகொடுத்தே வாங்கப்படுகின்றது. கடற்கரையிலிருந்து மலையேறி வரும் மீன் பதுளைக்கும், அதற்கப்பால் நமுனுகுலை மலைச்சாரலை அண்டிய ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டப் பகுதிகளுக்கும் வந்து சேரும்போது, அதன் விலை ஏறியும் தரம் இறங்கியும் விடுகின்றன. ஊவா மாகாணத்தின் தாழ்ந்த பகுதிகளிலோ குளங்களும் நீர்த்தேக்கங்களும் பல உள்ளன. அவற்றில் உண்ணத்தக்க நன்னீர் மீன் வளர்கின்றது. ஆகவே, பயிர்ச்செய்கையோடு மீன்பிடியையும் ஒரு துணைத் தொழிலாக மேற்கொள்ளவும், அதற்கெனக் குறைந்த செலவில் ஒரு சிறு வள்ளம் வாங்கவும் கமக்காரர் சிலர் எண்ணுவது இயல்பேயாகும்.

அவ்வாறு எண்ணுவோர் பொதுவாக முதலில் விசாரிப்பது வள்ளத்தின் விலையையே. இம்முறை சரியானதன்று. கறவை மாடு வாங்க விரும்புபவர் மாட்டின் விலையைக் கேட்குமுன் மேய்ச்சல் நிலம் உண்டா, தண்ணீர் உண்டா, பாலை வாங்குவோர் உண்டா என்பவற்றையே பார்ப்பார். வள்ளமும் அத்தகையதே. முதலாவதாக நீர், இரண்டாவதாக அந்நீரில் மீன்பிடிக்கும் உரிமை, மூன்றாவதாக வரவு செலவுக் கணக்கு, நான்காவதாகவே வள்ளம் என்னும் ஒழுங்கில் ஆராய்தல் வேண்டும். இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றுபவரின் வள்ளம் வீட்டுக் கோடியில் கவிழ்ந்து கிடக்க, கடன் மாத்திரம் வளர்ந்துகொண்டு செல்லும்.

வள்ளம் வேண்டிய நீரும் வேண்டாத நீரும்

பதுளை மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளில் ஓடும் நீர் வள்ளத்துக்கு ஏற்றதன்று. பதுளு ஓயா துன்ஹிந்தையில் ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து மகாவலி கங்கையை நோக்கிச் செல்கின்றது. இத்தகைய சரிவிலே பாயும் ஆறுகளிலும் ஓடைகளிலும் பாறைகள் மிகுதி. மலையில் மழை பெய்த சிறிது நேரத்திற்குள் நீர் திடீரெனப் பெருகும். இவற்றில் வள்ளம் இறக்குதல் உயிருக்கு ஆபத்தாகும். கரையில் நின்று தூண்டில் இடுவதற்கு அப்பால் இங்கு எதுவும் முயலற்க.

தோட்டங்களிலும் மரக்கறித் தறைகளிலும் உள்ள சிறு குட்டைகளுக்கும் வள்ளம் வேண்டியதில்லை. அரை ஏக்கர் பரப்புள்ள குட்டையில் கரையிலிருந்தே வீச்சுவலை எறியலாம். இருவர் இரு கரைகளிலும் நின்று இழுவலையை இழுத்து மீனை ஒதுக்கலாம். தோட்ட எல்லைக்குள் உள்ள குட்டையாயின் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். உயர்ந்த இடங்களின் குளிர்ந்த நீரில் திலாப்பியா மந்தமாகவே வளரும். கெண்டை இனங்கள் குளிரை ஓரளவு தாங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது வகை, பெரும்போக மழையில் நிரம்பி வறட்சிக் காலத்தில் வற்றிப்போகும் சிறு குளங்களாகும். நெற்செய்கைக்கு நீர் கொடுக்கும் இக்குளங்களில், நீர் நிரம்பியதும் மீன்குஞ்சுகளை விட்டு, குளம் வற்றுமுன் அறுவடை செய்யும் முறை இலங்கையின் உலர் வலயத்தில் நன்கு பயன்பட்டு வருகின்றது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புக்கள் இதனைப் பொதுவாக நடத்தலாம். நீர் இடுப்பளவுக்கு இறங்கிய பின் வலையை இழுத்தே மீனைப் பிடிப்பதால் இங்கும் வள்ளம் தேவைப்படாது. வள்ளத்துக்கெனச் சேர்த்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு மீன்குஞ்சும் இழுவலையும் வாங்குதல் இக்குளங்களை அடுத்த கமக்காரருக்குப் பெரிதும் பயன் தரும்.

ஆண்டு முழுவதும் நீர் வற்றாத ஆழமான குளங்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்குமே வள்ளம் தேவை. மகியங்கனையை அடுத்துள்ள பண்டைக்காலத்துச் சொரபொர வாவி, மாபாகட வாவி, மகாவலித் திட்டத்தின் சீ வலயத்தைச் சேர்ந்த உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் ஆகியன பதுளை மாவட்டத்தில் இவ்வகைக்கு உதாரணங்களாம். மொனராகலை மாவட்டத்தின் எல்லையோரத்தில் சேனநாயக்க சமுத்திரமும் உடவளவை நீர்த்தேக்கமும் உள்ளன. ஸ்பிரிங்வெளியில் வாழ்பவர் இந்நீர்நிலைகளுக்குச் செல்ல மலையிறங்கி நெடுந்தூரம் பிரயாணஞ் செய்தல் வேண்டும். ஆகவே, வள்ளம் வாங்குதல் மகியங்கனைப் பகுதியில் வயல் உடையோருக்கும், அங்கே உறவினரோ பங்காளரோ உடையோருக்குமே பெரும்பாலும் பொருந்தும். மலையிலே வசித்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் இறங்கி வந்து மீன்பிடிக்க எண்ணுபவருக்கு, அங்குள்ள மீனவரிடம் மீனை நேரே வாங்கிப் பனிக்கட்டியிட்டு மலைக்குக் கொண்டுவருதல் வள்ளத்தினும் ஆதாயமாக இருக்கக்கூடும்.

நீர்த்தேக்க மீன்வளத்தின் வரலாறு தரும் பாடம்

இலங்கையில் இயற்கையான பெரும் ஏரிகள் இல்லை. குளங்களும் நீர்த்தேக்கங்களும் மனிதர் அமைத்தவையே. ஆற்று மீன்களுள் தேங்கிய நீரில் பெருகி வளரக்கூடியவை சிலவே ஆதலால், முற்காலத்தில் குளங்களின் மீன்பிடி சிறு அளவிலேயே நடைபெற்றது. 1952 ஆம் ஆண்டளவில் திலாப்பியா இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே நீர்த்தேக்க மீன்பிடி ஒரு தொழிலாக விரிவடைந்தது. இன்று திலாப்பியாவோடு கட்லா, ரோகு, மிர்கால், சாதாரண கெண்டை ஆகியனவும் குஞ்சுகளாக விடப்பட்டு வளர்க்கப்படுகின்றன. விரால் போன்ற நாட்டு மீன்களும் கிடைக்கின்றன.

1980 ஆம் ஆண்டுகளில் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் அரசாங்கம் மானியம் வழங்கியது. 1990 இல் உள்நாட்டு மீன்பிடிக்கான அரச உதவி நிறுத்தப்பட்டு, 1994 இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மேற்பார்வை தளர்ந்தது. சிறுகண் வலைகளின் பாவனை கூடியது. குஞ்சு மீன்களும் அள்ளப்பட்டன. மானியத்தை மாத்திரம் நம்பி வள்ளம் வைத்திருப்பவர், மானியம் நின்றபோது புதுவள்ளம் வாங்க வழியற்றவராவார் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும். மானியம் கிடைக்குமாயின் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வள்ளத்துக்கான பணத்தை இன்றைய பிடியிலிருந்தே சிறிது சிறிதாகச் சேமித்தல் வேண்டும்.

உரிமை முதல், வள்ளம் பின்

நீர் பொதுவாக இருப்பினும், அதில் மீன்பிடிக்கும் உரிமை விதிகளுக்கு உட்பட்டதாகும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி, விதிக்கப்பட்ட மீன்பிடி முறைகளைக் கையாள்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மீன்பிடி வள்ளங்களும் பதிவுசெய்யப்படல் வேண்டும். வெடிபொருள், நஞ்சு, மீனை மயக்கும் பொருள் ஆகியவற்றால் மீன்பிடித்தலை அச்சட்டம் தடைசெய்கின்றது. நன்னீர் மீன்பிடியை வளர்ப்பதற்கென 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. மக்கள் இதனை நக்டா என வழங்குவர்.

பெரிய நீர்த்தேக்கங்கள் பலவற்றில் மீனவர் சங்கங்கள் இயங்குகின்றன. நீர்நிலை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வள்ளங்கள் பெருகினால் எல்லோருடைய பிடியும் குறையும் ஆதலால், புதிய வள்ளங்கள் சேர்வதற்கு வரையறை இருத்தல் இயல்பு. வள்ளத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின் அனுமதி இல்லையென அறிவது பெரு நட்டமாகும். ஆகவே, முற்பணம் கொடுக்குமுன்னரே பின்வருவனவற்றை மாவட்டத்துக்குப் பொறுப்பான நக்டா உத்தியோகத்தரிடமும் சங்கத்திடமும் கேட்டறிதல் வேண்டும்.

1. அந்நீர்நிலையில் புதிய வள்ளத்துக்கு இடமுண்டா?
2. வெளியூரவருக்கு அனுமதி வழங்கப்படுமா, அவ்வூரில் வசிப்போருக்கு மாத்திரமா?
3. எவ்வகை வள்ளம் அனுமதிக்கப்படுகின்றது? இயந்திரம் பூட்டலாமா?
4. எத்தனை வலைத்துண்டுகள் வரை இடலாம்? எப்பகுதிகளில் இடலாகாது?
5. எம்மாதங்களில் மீன்பிடி நிறுத்தப்படும்?

வலையைப் பொறுத்தவரை, நீர்த்தேக்கங்களில் இடும் செவுள்வலையின் கண் நீட்டிப் பிடித்த நிலையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது என்பது விதி. முட்டையிட்டுப் பெருகுமுன் மீனைப் பிடித்துவிடாதிருத்தற்கே இவ்விதி ஏற்பட்டது. வள்ளத்தோடு சேர்த்துப் பழைய வலைகளையும் விற்போர் உளர். அவ்வலையின் கண்ணை அளவுகோல் கொண்டு அளந்து பார்க்காமல் வாங்குதல் கூடாது. மகாவலித் திட்டத்தின் நீர்நிலைகளில் மகாவலி அதிகாரசபையின் ஒழுங்குகளும், தேசியப் பூங்காவின் எல்லைக்குட்பட்ட நீர்நிலைகளில் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஒழுங்குகளும் உண்டு. உடவளவை நீர்த்தேக்கம் தேசியப் பூங்காவோடு சேர்ந்ததாகும்.

வள்ளத்தின் வகைகள்

இலங்கையின் நீர்த்தேக்கங்களில் துடுப்பினால் வலிக்கும் வள்ளங்களே பெரும்பாலும் வழக்கிலுள்ளன. இருவர் ஏறி, ஒருவர் வலிக்க மற்றவர் வலையிடுவர். இவ்வேலைக்கு இயந்திரம் இன்றியமையாததன்று. இயந்திரத்தால் வாங்கும் செலவும் எரிபொருட் செலவும் கூடுவதோடு, குடிநீராகவும் பாசன நீராகவும் பயன்படும் நீரில் எண்ணெயும் கலக்கின்றது.

பக்கமிதவை பூட்டிய ஒடுங்கிய வள்ளம்: இது முன்னர் பெருமரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. அத்தகைய மரங்கள் அரிதாகிவிட்டதாலும் மரம் வெட்டுதற்குக் கட்டுப்பாடு உள்ளதாலும், இப்பொழுது இதே வடிவில் கண்ணாடியிழையாற் செய்யப்படுகின்றது. எடை குறைந்தது, துடுப்புக்கு இலகுவாக நகரும், அலையைத் தாங்கும். பக்கமிதவை உள்ளவரையே இதன் உறுதி நிலைக்கும். மிதவையைக் கழற்றிவிட்டு ஓட்டுதல் ஒருபோதும் கூடாது.

தட்டையான அடியுள்ள வள்ளம்: இது பலகையாலோ கண்ணாடியிழையாலோ செய்யப்படும். ஆழங்குறைந்த கரையோரங்களுக்கும் காற்றுக் குறைந்த சிறு குளங்களுக்கும் ஏற்றது. எழுந்து நின்று வலையிழுப்பதற்கு வசதியானது. ஆயினும், பெருங்காற்றில் அலை முன்புறத்தில் மோதி நீர் உட்புகும்.

கடல் வள்ளம்: கடற்கரைகளிலிருந்து பழைய வள்ளங்கள் உள்நாட்டுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. இயந்திரத்துக்கென அமைந்த இவை பாரமானவை; துடுப்பால் வலிப்பது கடினம். உப்பு நீரில் கிடந்தமையால் ஆணிகளும் திருகுகளும் துருப்பிடித்திருக்கக்கூடும். மேலும், கடல்நீர் நன்னீரிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 பங்கு கனமானது. ஆதலால் அதே சுமையோடு அதே வள்ளம் குளத்தில் சிறிது கூடுதலாகத் தாழும். விலை குறைவென்பதற்காக மட்டும் இதனை வாங்குதல் விரும்பத்தக்கதன்று.

பரிசல்: தமிழ்நாட்டில் காவிரியாற்றிலும், 1934 இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்திலும் மீனவர் பரிசலைப் பயன்படுத்துவர். மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமான கூடைபோற் பின்னி, முற்காலத்தில் தோலாலும் பிற்காலத்தில் தார் பூசிய பிளாஸ்டிக்குத் துணியாலும் போர்த்துச் செய்யப்படுவது இது. ஒருவரே தலையிற் சுமந்து செல்லலாம்; செலவும் மிகக் குறைவு. எனினும், காற்றில் சுழலும் இயல்புடையது; அதனைச் செலுத்தத் தனிப் பழக்கம் வேண்டும். மூங்கில் உள்ளதென்பதற்காகப் பழக்கமின்றி ஊவாவில் இதனைப் புதிதாகச் செய்து பெருநீரில் இறங்குதல் ஆபத்தாகும். ஆயினும், மலிவான கலம் ஒன்று அதற்குரிய நீரிலும் அதற்குரிய கையிலும் சிறப்பாகப் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

லொறிச் சக்கரத்தின் காற்றுக்குழாயில் அமர்ந்து வலையிடுதலும், வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஆழமான நீருக்குச் செல்லுதலும் அறவே தவிர்க்க வேண்டியவை. குழாயில் ஒரு முள் தைத்தால் அமர்ந்திருப்பவருக்கு வேறு பிடிமானம் இல்லை. கால்கள் நீருள் இருப்பதால் முதலையின் ஆபத்தும் உண்டு.

அளவும் சுமையும்

இருவர் தொழில் செய்வதற்கு 4 முதல் 6 மீற்றர் வரை நீளமுள்ள வள்ளம் போதியதாகும். அதன் சுமையை வாங்குமுன்னரே கணக்கிட்டுப் பார்க்கலாம். இருவரின் எடை 130 கிலோகிராம், நனைந்த வலை 30 கிலோகிராம், மீனும் பனிக்கட்டியும் 50 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 210 கிலோகிராம் ஆகும். ஒரு கன மீற்றர் நன்னீரின் எடை 1,000 கிலோகிராம். ஆகவே, நீர்மட்டத்தில் 3 சதுர மீற்றர் பரப்புள்ள தட்டையடி வள்ளம் 30 கிலோகிராம் சுமைக்கு ஒரு சென்ரிமீற்றர் தாழும். 210 கிலோகிராம் சுமைக்கு 7 சென்ரிமீற்றர் தாழும். நீர்மட்டத்தில் ஒன்றரைச் சதுர மீற்றர் மாத்திரமுள்ள ஒடுங்கிய வள்ளமோ அதே சுமைக்கு 14 சென்ரிமீற்றர் தாழும்.

முழுச் சுமையும் ஏற்றிய பின் நீர்மட்டத்துக்கும் வள்ளத்தின் விளிம்புக்கும் இடையே எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது ஒரு சாண் உயரம் எஞ்சியிருத்தல் வேண்டும். காற்று மிகுந்த பெரிய நீர்த்தேக்கமாயின் ஒன்றரைச் சாண் இருத்தல் நன்று. இவ்வளவு எஞ்சாத வள்ளம் எவ்வளவு மலிவாயினும் வாங்கத் தக்கதன்று.

பழைய வள்ளத்தைச் சோதிக்கும் முறை

புதுவள்ளம் வாங்க வசதியற்றோர் பழையதை வாங்கலாம். ஆனால், சோதனை பகல் வெளிச்சத்தில், வள்ளத்தைக் கழுவித் துடைத்த பின், விற்பவர் முன்னிலையிலேயே நடைபெறல் வேண்டும். அண்மையில் வர்ணம் பூசப்பட்ட வள்ளத்தைக் கூடுதலான கவனத்தோடு பார்க்க. புதுவர்ணம் பழைய வெடிப்பை மறைக்கும்.

கண்ணாடியிழை வள்ளத்தின் மேற்பரப்பை விரல்மொழியால் அல்லது நாணயத்தால் தட்டிக்கொண்டே செல்க. நல்ல இடத்தில் ஒலி கணீரென்று ஒரேவிதமாக இருக்கும். உள்ளே படைகள் பிரிந்திருக்கும் இடத்தில் ஒலி மந்தமாக மாறும். அடிப்பாகத்திலும், முன்முனையிலும், பக்கமிதவையின் கட்டைகள் பூட்டும் இடங்களிலும் வெடிப்புக்கள் உண்டாவென நோக்குக. பலகை வள்ளமாயின், மூட்டுக்களிலும் உட்சட்டங்களிலும் சிறு கத்திமுனையால் அழுத்திப் பார்க்க. முனை இலகுவாக உட்சென்றால் மரம் உக்கியுள்ளது என்பது பொருள்.

பின்னர் நீரில் மூன்று சோதனைகள் செய்தல் வேண்டும். முதலாவது, வெறும் வள்ளத்தை இரண்டு மணித்தியாலம் நீரில் விட்டு உள்ளே நீர் கசிகின்றதா எனப் பார்த்தல். இரண்டாவது, இருவர் ஏறி ஒரே பக்கத்தில் அமர்ந்து வலையிழுப்பது போற் சரிந்து, விளிம்பு நீரைத் தொடுகின்றதா எனப் பார்த்தல். மூன்றாவது, இடுப்பளவு நீரில் வள்ளத்தை நீரால் நிரப்பி, அது மூழ்காது மிதக்கின்றதா எனப் பார்த்தல். முன்னும் பின்னும் அடைக்கப்பட்ட மிதவை அறைகளுள்ள வள்ளம் நிரம்பிய பின்னும் மிதக்கும். அவ்வாறு மிதக்கும் வள்ளத்தைப் பற்றிக்கொண்டிருப்பவர் உயிர் பிழைப்பார். மூன்றாவது சோதனையை விற்பவர் மறுத்தால் அவ்வள்ளத்தை விட்டுவிடுதலே நன்று.

விலை தீர்ந்ததும், பதிவிலக்கம், வள்ளத்தின் நீள அகலம், கொடுத்த தொகை ஆகியவற்றைக் குறித்து, சாட்சிகள் இருவர் கையொப்பத்தோடு எழுத்துப் பெறுதல் வேண்டும். பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றும்வரை முழுத் தொகையையும் கொடுத்தல் கூடாது.

எது மலிவு?

பின்வரும் கணக்கிலுள்ள தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுதற்கென எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. கமக்காரர் தத்தம் ஊரில் அன்றன்று நிலவும் விலைகளை இட்டுக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வள்ளமும் துடுப்பும் உயிர்காப்பு அங்கிகளும் சேர்ந்து 2,00,000 ரூபா; 10 ஆண்டு உழைக்கும். ஆகவே ஆண்டொன்றுக்கு 20,000 ரூபா. வலை ஆண்டுக்கு 30,000 ரூபா. திருத்தம் 10,000 ரூபா. மொத்தம் 60,000 ரூபா. ஆண்டில் 150 நாள் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 400 ரூபா ஆகும். இருவரின் நாட்கூலியை 4,000 ரூபா எனக் கொண்டால், நாட்செலவு 4,400 ரூபா. பனிக்கட்டியும் போக்குவரத்தும் நீங்கக் கிலோகிராமுக்கு 400 ரூபா கிடைக்குமாயின், நாளொன்றுக்கு 11 கிலோகிராம் பிடித்தாலன்றித் தொழில் கட்டாது.

இனி, வயல்வேலை போக ஆண்டில் 30 நாள் மாத்திரமே செல்பவரை நோக்குக. வலையின் தேய்மானம் குறைந்து 12,000 ரூபா ஆயினும், வள்ளத்தின் 20,000 ரூபாவும் திருத்தத்தின் 10,000 ரூபாவும் குறைவதில்லை. மொத்தம் 42,000 ரூபா. நாளொன்றுக்கு 1,400 ரூபா. நாட்செலவு 5,400 ரூபாவாகி, பதின்மூன்றரைக் கிலோகிராம் பிடிக்க வேண்டியதாகின்றது.

மற்றொருவர் இதன் பாதிவிலைக்கு, அதாவது 1,00,000 ரூபாவுக்கு ஒரு பழைய வள்ளம் வாங்குகின்றார்; அது 4 ஆண்டில் உக்கிவிடுகின்றது. ஆண்டுக்கு 25,000 ரூபா ஆகின்றது. பாதிவிலை வள்ளமே விலைகூடிய வள்ளமாயிற்று.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகும். நாட்செலவிற் பெரும்பங்கு கூலியேயன்றி வள்ளம் அன்று. ஆகவே வள்ளத்தின் உறுதியிற் சிக்கனம் பிடித்தலாற் பெறும் ஆதாயம் சிறிது. சொந்தக்காரரே வலித்தாலும் அன்றைய நாள் வயலுக்கும் தோட்டத்துக்கும் இல்லாது போகின்றது. ஆதலால் அதற்கும் கூலி வைத்தே கணக்கிடல் வேண்டும். சில நாள் மாத்திரம் மீன்பிடிப்பவருக்குத் தனிவள்ளம் ஏற்றதன்று.

கூட்டாக வாங்குதல்

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வள்ளத்தை வாங்கினால், உழவு, விதைப்பு, அரிவுவெட்டு ஆகிய வேலைகள் ஒரு குடும்பத்தை நெருக்கும் காலத்தில் மற்றொரு குடும்பம் வள்ளத்தைப் பயன்படுத்தலாம். நெல் செய்பவரும் மரக்கறி செய்பவரும் கூட்டுச் சேர்வது மிகவும் பொருத்தமாகும். இருவருக்கும் வேலை மிகுந்த காலங்கள் வெவ்வேறானவை. எவ்வெந்நாள் எவருடையது, திருத்தச் செலவு எவ்வாறு பிரிவது, ஒருவர் விலகினால் அவர் பங்கு எவ்வாறு மதிக்கப்படும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். உறவினரிடையே எழுத்து எதற்கு எனக் கருதற்க. எழுத்து இருப்பின் உறவும் நிலைக்கும். ஒவ்வொரு நாட்பிடியிலிருந்தும் ஒரு பங்கை ஒதுக்கி வங்கியில் இட்டால், பழைய வள்ளம் ஓயும்போது புதியதற்கான பணம் ஆயத்தமாக இருக்கும்.

உயிருக்குப் பாதுகாப்பு

உயிர்காப்பு அங்கி வள்ளத்தின் ஒரு பகுதியேயாகும். அங்கிக்குப் பணம் போதாதாயின் வள்ளத்துக்கும் பணம் போதாதென்றே கொள்க. ஏறும் ஒவ்வொருவரும் கரையிலேயே அதனை அணிதல் வேண்டும். நீச்சல் அறிந்தவரும் வலையிற் கால் சிக்கினால் மூழ்குவர். நீர் இறைக்கும் வாளி, மேலதிகத் துடுப்பு, நீண்ட கயிறு, வலையை அறுக்கும் கத்தி ஆகியன எப்பொழுதும் வள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை ஊவாவின் தாழ்ந்த பகுதிகளில் கச்சான் காற்று பலமாக வீசும். இம்மாதங்களில் பிற்பகல் அலையைக் கவனித்தே வலையிடச் செல்லல் வேண்டும். காற்று ஓங்கினால் அன்று வலை இடாது விடுதலே அறிவுடைமை. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழைக்காலத்தில் இடியும் மின்னலும் தோன்றும்போது நீரின்மேல் இருத்தலாகாது. துருசு திறந்திருக்கும்போது அதன் அருகிலும், குளம் வான்பாயும்போது வானின் அருகிலும் வள்ளத்தைக் கொண்டு செல்லற்க. நீரின் இழுவையைத் துடுப்பால் வெல்ல முடியாது. நீர்த்தேக்கங்கள் அமைத்தபோது நீருள் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள், நீர்மட்டம் இறங்கும் காலத்தில் வலையையும் வள்ளத்தையும் கிழிக்கும். அவை இருக்குமிடங்களை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிக. மாலையிலும் அதிகாலையிலும் நீர் பருக வரும் யானைகளை எண்ணிக் கரைசேரும் இடத்தையும் தெரிதல் வேண்டும். மதுவருந்தியவரை வள்ளத்தில் ஏற்றுதல் கூடாது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் வள்ளத்தைக் கல்லில் இழுக்காது, உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றி, நிழலில் கவிழ்த்து வைத்தல் வேண்டும். தொடர்ந்து வெயிற்பட்டால் கண்ணாடியிழையின் மேற்பூச்சு வெளிறி வெடிக்கும். சிறு வெடிப்பைக் கண்டவுடன் அடைத்தல் வேண்டும். நீர் உட்புகுந்தால் அது பெரிதாகும். வயல்களுக்கு நீர் திறக்கும் காலத்தில் நீர்மட்டம் விரைவாக இறங்கும் ஆதலால், நீரில் கட்டிய வள்ளத்தை நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

பயிர்ச்செய்கையாளர் விசேடமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிருமிநாசினி தெளிக்கும் கருவியையும் வெறும் போத்தல்களையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல் ஆகாது. மீன் கொண்டுவரும் வள்ளத்தில் அவற்றை ஏற்றுதலும் ஆகாது. மலையிலுள்ள மரக்கறித் தோட்டத்தில் கழுவிவிட்ட நஞ்சு, ஓடை வழியே கீழ்க்குளத்தைச் சென்றடையும். மேலே செய்கைபண்ணுபவரும் கீழே மீன்பிடிப்பவரும் ஒரே நீரையே பயன்படுத்துகின்றனர்.

நீர் பொருத்தமானதாகவும், உரிமை எழுத்தில் உள்ளதாகவும், கணக்கு நேரானதாகவும், வள்ளம் சோதனையில் தேறியதாகவும் இருப்பின், தயங்காது வாங்கலாம். இந்நான்கினுள் ஒன்று குறையினும் பொறுத்திருத்தலே நன்று. நீர்நிலைகளிலுள்ள அனுமதி பற்றிய விபரங்களை நக்டா உத்தியோகத்தரிடமும், வற்றும் குளங்களில் மீன்குஞ்சு விடுதல் பற்றிய விபரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலும் கேட்டறிந்து பயன்பெறுக.